அப்பா விட்ட இடத்திலிருந்து

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ஊர்ப் பத்திரிகைகளின் இரங்கல் பத்தியைப் புரட்டினால் ஒரே மனிதர் வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டே இருப்பார். ஓயாத உழைப்பாளி, மனைவியிடம் பிரியமாக இருந்தவர், நல்ல தகப்பன், ஆறு, காடு, வேட்டை, மீன்பிடிப்பு என்றால் வீடு தங்காதவர். பலமுறை படித்துத் தேய்ந்த வரிகள்தான். ஆனாலும் ஒரு குடும்பம் துக்கத்தின் முதல் நாளில் கைக்கு எட்டிய சொற்களை எடுத்து வைக்கிறது. அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். சடங்குகள் முடிந்து, தூண்டிலும் துப்பாக்கியும் பரணுக்குப் போன பிறகு, அவர் நேசித்த அந்த வெட்டவெளியோடு பிள்ளைகளுக்கு என்ன உறவு மிஞ்சுகிறது?

விஸ்கான்சின் மாநிலத்தின் ஒரு குடும்பத்தில் இந்தக் கேள்விக்கான விடையை எழுபது ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது. ஆல்டோ லியோபோல்ட் (1887–1948) சூழலியல் படித்தவர்களுக்குப் புதியவர் அல்லர். வனத்துறை அதிகாரியாகத் தொடங்கியவர். காட்டுயிர் மேலாண்மையைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்தியவர். ‘எ சேண்ட் கவுன்டி அல்மனாக்’ என்ற நூலை எழுதியவர். மண், நீர், செடிகொடி, விலங்கு எல்லாவற்றையும் மனிதனோடு ஒரே சமூகமாகக் கொள்ள வேண்டும் என்ற அவருடைய நில அறக் கொள்கையைப் பற்றி நூலகம் நிறைய எழுதிவிட்டார்கள். அந்த நூலகத்தில் ஐந்து பிள்ளைகளின் அப்பாவுக்குக் கிடைத்திருக்கும் இடம் குறைவு. அவரைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

வெட்டவெளிமேல் அவருக்கு இருந்த பற்றும் ஓர் அப்பாவிடமிருந்து வந்ததுதான். அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில், மிசிசிப்பி ஆற்றைப் பார்த்த குன்றின்மேல் அவர்கள் வீடு. தந்தை கார்ல் லியோபோல்டுக்கு மேசை செய்யும் தொழிற்சாலை. ஓய்வு கிடைத்தால் மகன்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரச் சதுப்புக்குப் போய்விடுவார். அவரும் வேட்டைக்காரர்தான். நீர்ப்பறவைகள் குறைந்துவருவதைக் கண்டு, சட்டம் வருமுன்னரே, இனப்பெருக்கத்துக்காகப் பறவைகள் திரும்பும் வசந்த காலத்தில் சுடுவதைத் தாமாகவே நிறுத்திக்கொண்டார். மகன் பிற்பாடு வேட்டை அறத்தைப் பற்றி எழுதிய பக்கங்களுக்கு வித்து இங்கே இருக்கிறது. யாரும் பார்க்காத இடத்திலும் தனக்குத்தானே வரம்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவர் அறிந்தது அப்பாவின் நடத்தையிலிருந்து, புத்தகத்திலிருந்து அன்று.

1909இல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பட்டம் பெற்று, அப்போது மாநிலமாகக்கூட ஆகாத அரிசோனாவுக்கு வனத்துறை வேலைக்குப் போனார். 1912 அக்டோபரில் சான்டா ஃபேயில் எஸ்டெல்லா பெர்ஹேரோடு திருமணம். ஸ்பானிய வேர்கள் கொண்ட, பெரிய ஆட்டுப்பண்ணைகளோடு தொடர்புடைய குடும்பத்துப் பெண் அவர். புது மனைவிக்காக நியூ மெக்சிகோவின் ட்ரெஸ் பியெட்ராஸில் லியோபோல்ட் ஒரு சிறு வீடு கட்டினார். அதில் ஓர் ஆண்டுகூட நிம்மதியாக வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1913 ஏப்ரலில் வனத்துறை வேலையாகக் குதிரைமேல் நாட்கணக்கில் மழையிலும் குளிரிலும் நனைந்தார். கைகால் முகமெல்லாம் வீங்கியது. சிறுநீரக அழற்சி. அன்றைக்கு அது பலரைக் கொன்ற நோய். பிழைத்தார், ஆனால் மீண்டும் வேலைக்குத் திரும்ப ஒன்றரை ஆண்டுக்கு நெருக்கமாக ஆயிற்று. மூத்த மகன் ஸ்டார்க்கர் பிறந்தது இந்த இடைவெளியில்தான். படுக்கையிலிருந்த கணவன், கைக்குழந்தை, நிச்சயமில்லாத சம்பளம் என்று எஸ்டெல்லா கழித்த அந்த மாதங்களை வரலாற்று நூல்கள் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. அந்த மாதங்கள் இல்லையென்றால் மற்ற எதுவுமே இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளின் வேலைப் பட்டியலை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1924இல் அவருடைய முயற்சியால் நியூ மெக்சிகோவின் கீலா பகுதி வாகனமும் சாலையும் நுழையாத வனாந்தரமாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்க வனத்துறையில் அப்படி ஒதுக்கப்பட்ட முதல் நிலம் அது. அதே ஆண்டு குடும்பத்தோடு மேடிசன் நகரத்துக்கு மாறினார். 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1943 முதல் மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினர். மான்கள் பெருகிக் காட்டை மேய்ந்து தீர்க்கின்றன, பெண்மான்களையும் சுட அனுமதிக்க வேண்டும் என்று அங்கே வாதாடியதற்காக ஊரெல்லாம் வசை வாங்கினார். வகுப்பு, கூட்டம், கட்டுரை, கடிதம் என்று நாள் நிறைந்திருந்த மனிதர். அவர் வார இறுதியில் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஓய்வு இல்லை.

அந்த இடம் மேடிசனிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் வரும், பாராபூ ஊருக்கு அருகே விஸ்கான்சின் ஆற்றங்கரை. 1935இல் வாங்கினார். எண்பது ஏக்கர், மணல்பூமி. மக்காச்சோளம் போட்டுப் போட்டுச் சத்தெல்லாம் உறிஞ்சப்பட்டுக் கைவிடப்பட்ட நிலம். பண்ணை வீடு எரிந்துபோயிருந்தது. கூரையோடு நின்ற ஒரே கட்டடம் கோழிக்கொட்டகை, அதற்குள்ளும் எருக்குவியல். நல்ல நிலம் வாங்கப் பணம் போதாமலா இதை வாங்கினார் என்று கேட்கத் தோன்றும். வேட்டைக்குப் போனால் தங்க ஓர் இடம் என்பதுதான் முதல் நோக்கமாக இருந்தது. கெட்டுப்போன நிலத்தை ஒரு குடும்பத்தின் கைகளால் எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்று செய்து பார்ப்பதாக அது விரைவிலேயே வளர்ந்தது.

ஸ்டார்க்கருக்கு அப்போது இருபத்தொன்று, லூனாவுக்குப் பத்தொன்பது, நீனாவுக்குப் பதினேழு, கார்லுக்குப் பதினைந்து, கடைக்குட்டிக்கு எட்டு. அவளுக்கும் அம்மா பெயரே, எஸ்டெல்லா. எல்லோருமாக எருவை வாரிக் கொட்டினார்கள். கணப்படுப்பு கட்டினார்கள். படுக்கப் பரண் அடித்தார்கள். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கிய பலகைகளைத்தான் பெரும்பாலும் மரவேலைக்குப் பயன்படுத்தினார்கள். காசு கொடுத்து வாங்குவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை. கொட்டகைக்குப் பின்னால் கட்டிய கழிப்பறைக்கு ‘பார்த்தினான்’ என்று கிரேக்கக் கோயிலின் பெயரை வைத்தார்கள். இரவில் கிதாரோடு ஸ்பானியப் பாட்டு. அது அம்மா வழி வந்த சொத்து. விஸ்கான்சின் மாநில மகளிர் வில்வித்தைப் பட்டத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்தவர் அந்த அம்மா. கணவர் மரத்தை இழைத்து வில் செய்வார். மனைவி அவரைவிட நன்றாக எய்வார். மரம் அறுக்கும்போது இருவர் பிடித்து இழுக்கும் ரம்பத்தின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் இவர்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் பல்கலைக்கழக விடுமுறையில் கன்று நடுவார்கள். வெண்பைன், செம்பைன் நாற்றுகளைக் கட்டுக்கட்டாக இறக்கி, வேர் காயாமல் ஈரத்தில் வைத்து, ஒருவர் மண்வெட்டியால் பிளவு போட, இன்னொருவர் கன்றை இறக்கி, காலால் மண்ணை அணைக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. 1936 வசந்தத்தில் இப்படி நட்டவற்றில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கோடையின் வறட்சியில் கருகின. அமெரிக்கச் சமவெளிகளில் மண்ணே தூசியாக எழுந்து பறந்த ஆண்டுகள் அவை. வேறொரு குடும்பம் என்றால் அத்தோடு கொட்டகையைப் பூட்டியிருக்கும். இவர்கள் 1937இல் திரும்ப நட்டார்கள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். அவர் இறப்பதற்குள் அந்த மணலில் பல்லாயிரம் மரங்கள் இறங்கியிருந்தன. வெட்டவெளியை நேசித்தவர் என்று இரங்கல் பத்தியில் படிக்கும்போது நம் மனதில் வருவது பெரும்பாலும் ஓய்வு. லியோபோல்ட் வீட்டில் அது முதுகு வலிக்கும் வேலை. பிள்ளைகள் அப்பாவைக் கிட்ட இருந்து பார்த்ததும் அந்த வேலையின் நடுவேதான்; அவர் போன பிறகு அவர்கள் எடுத்த வழியை விளங்கிக்கொள்ள இது உதவும் என்று நினைக்கிறேன்.

விடியலுக்கு முன்னான ஒரு மணி நேரம் மட்டும் அவர் தனியாக இருப்பார். மூன்றரை மணிக்கெல்லாம் எழுந்து, காப்பிக் கெண்டியும் குறிப்பேடுமாகக் கொட்டகை வாசலில் பெஞ்சில் உட்கார்வார். எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதல் குரல் கொடுத்தது, அப்போது வெளிச்சம் எவ்வளவு என்று ஒளிமானியைப் பார்த்து எழுதிக்கொள்வார். பருவநிகழ்வுகளுக்கும் இப்படியே கணக்கு: முதல் வாத்துக்கூட்டம் வடக்கே திரும்பிய நாள், இன்ன பூ முதலில் மலர்ந்த நாள், ஆற்றில் பனிக்கட்டி உடைந்த நாள். இரண்டு வட்டங்களில் 1935 முதல் 1945 வரை சேர்த்த இந்தக் குறிப்புகளைத் தம் மாணவி ஒருவரோடு சேர்ந்து 1947இல் ஓர் அறிவியல் இதழில் வெளியிட்டார். அப்பா என்ன எழுதுகிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்; அவர்களும் நாள் சொல்லுவார்கள். பார்த்ததை அன்றைக்கே தேதியோடு எழுதிவைப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தொற்றிய பழக்கம்.

அவர் தம் தவற்றையும் எழுதிவைத்தவர் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அரிசோனாவில் இளம் அதிகாரியாக இருந்தபோது ஓநாய்களைக் கண்டதும் சுட்டவர்களில் அவரும் ஒருவர். ஓநாய் ஒழிந்தால் மான் பெருகும், அதுவே வேட்டைக்காரனின் சொர்க்கம் என்று அன்று நம்பியிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1944இல், பழைய மாணவர் ஒருவர் விடாமல் வற்புறுத்திய பிறகு, தாம் சுட்ட ஓர் ஓநாயின் சாவைப் பற்றி எழுதினார். ஓநாய் இல்லாத மலையை மான்கள் மொட்டையடித்த கதை அது. வேட்டையை அவர் கடைசிவரை விட்டுவிடவில்லை. காட்டை நேசிப்பவர் எப்படித் துப்பாக்கி எடுப்பார் என்று நம்மில் பலருக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்த உறுத்தலைத் துடைத்துவிட்டு ஒரு புனிதரைச் செய்துகொண்டால் அவருடைய பிள்ளைகள் அறிந்த மனிதர் நமக்குக் கிடைக்கமாட்டார்.

இப்படி எழுதிய கட்டுரைகளைச் சேர்த்துப் புத்தகமாக்க அவர் பல ஆண்டுகள் அலைந்தார். பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. இதற்கிடையே முகநரம்பு வலி. அதற்காக 1947இல் அறுவைச் சிகிச்சை. 1948 ஏப்ரல் 14ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து புத்தகத்தை ஏற்றுக்கொள்வதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, 21ஆம் தேதி காலை, மனைவியோடும் கடைசி மகளோடும் கொட்டகையில் இருந்தார். கன்று நடும் பருவம். பக்கத்துப் பண்ணையில் புகை எழுவது தெரிந்தது. புல்வெளித் தீ. காற்று பைன்களின் பக்கம் திருப்பிவிட்டால் பதின்மூன்று ஆண்டு உழைப்பும் சாம்பல். மூவரும் ஓடினார்கள். மனைவியை ஓரிடத்தில் தீ தாண்டாமல் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டு, மகளைத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்ல அனுப்பிவிட்டு, தண்ணீர் பம்பை முதுகில் சுமந்துகொண்டு அவர் தனியே போனார். அங்கேயே மாரடைப்பு. அறுபத்தொரு வயது. தீ அவர் உடலைத் தொட்டுக் கடந்துபோயிருந்தது. பர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள்.

மற்றக் குடும்பங்களின் கதை பொதுவாக இங்கே ஓய்ந்துவிடும். இந்த வீட்டில் அப்பா செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் கையில் எடுத்தார்கள்.

முதலில் புத்தகம். இரண்டாவது மகன் லூனா, அப்பாவின் சக பேராசிரியர்கள், மாணவர்கள் சிலரோடு சேர்ந்து கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்து 1949இல் வெளிக்கொணர்ந்தார். அப்பா வைத்திருந்த தலைப்பு வேறு. பதிப்பில் அது மாறியது. ‘சேண்ட் கவுன்டி’ என்று ஒரு வட்டம் வரைபடத்தில் கிடையாது. கொட்டகை இருப்பது சாக் வட்டத்தில். மணல் நாட்டுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயராக அது நிலைத்துவிட்டது. 1953இல் அப்பாவின் வேட்டை, பயண நாட்குறிப்புகளையும் லூனா தொகுத்து அச்சேற்றினார். முதலில் மெதுவாக விற்ற அல்மனாக், சூழல் இயக்கம் எழுந்த 1960களின் பிற்பகுதியில் மலிவுப் பதிப்பாக வந்ததும் லட்சக்கணக்கில் போயிற்று.

பிள்ளைகள் தேர்ந்தெடுத்த துறைகளைப் பார்த்தால் அப்பாவின் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டதுபோல் இருக்கும். ஸ்டார்க்கருக்கு விலங்குகள்: தேசியப் பூங்காக்களில் காட்டுயிர்களை எப்படிப் பேண வேண்டும் என்று 1963இல் அவர் தலைமையில் வந்த அறிக்கை அமெரிக்கப் பூங்காக்களின் போக்கையே திருப்பியது. லூனாவுக்கு ஆறு: நதிகள் எப்படி வளைகின்றன, கரையை எப்படி அறுக்கின்றன என்ற அறிவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். கார்லுக்குச் செடிகளின் உடலியங்கியல். இளைய எஸ்டெல்லாவுக்கு மண்ணடுக்குகளில் புதைந்த மகரந்தம். கொலராடோவின் ஃப்ளோரிசன்ட் புதைபடிவப் படுகையை வீட்டுமனைகளிலிருந்து காக்கும் போராட்டத்தில் முன்னின்று, 1969இல் அதைத் தேசியச் சின்னமாக்கியவர்களில் அவரும் உண்டு. ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா மூவரும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர்! இந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் வழக்கமாக இங்கே வியந்து நின்றுவிடுவார்கள். என்னை அதிகம் ஈர்ப்பது நீனாவின் கதை.

நீனா 1976இல், ஏறக்குறைய அறுபது வயதில், கணவரோடு பாராபூவுக்குத் திரும்பினார். தாம் இளம்பெண்ணாக நட்ட பைன்கள் நெருக்கமாக வளர்ந்து களையெடுக்க வேண்டிய பருவத்தில் நின்றன. அந்த மரங்களை வெட்டியே வீடு கட்டினார்கள். அப்பாவின் குறிப்பேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, அவர் பார்த்த அதே பூக்களையும் அதே பறவைகளையும் அதே நிலத்தில் மறுபடி தேதி போட்டுக் குறிக்கத் தொடங்கினார். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வெறுமை. தந்தையின் வரிசை 1947இல் நின்றது. மகளின் வரிசை 1976இல் தொடங்கியது. 1998 வரை எழுதிச் சேர்த்த பிறகு, தம்பி கார்லும் இன்னும் இருவரும் உடன்சேர, இரண்டையும் ஒப்பிட்டு 1999இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அறுபத்தோர் ஆண்டு இடைவெளியில் 55 பருவநிகழ்வுகள். சராசரியாக ஆண்டுக்கு 0.12 நாள் முந்தியிருந்தன. எட்டு ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கு. வசந்தம் ஒரு வாரம் முன்னே நகர்ந்துவிட்டது. எல்லாமும் நகரவில்லை என்பதையும் அவர்கள் கவனமாகக் காட்டினார்கள்: பகல்நேரத்தின் நீளத்தைப் பார்த்து நடக்கும் உயிர்கள் பழைய தேதியிலேயே நின்றன, வெப்பத்தைப் பார்த்து நடப்பவை முந்தின. ஒன்றையொன்று நம்பி வாழும் உயிர்களில் ஒன்று முந்தி மற்றது பிந்தினால் என்ன ஆகும் என்ற கவலை அங்கிருந்து பிறக்கிறது.

லியோபோல்ட் பருவநிலை மாற்றத்தைப் பற்றி நினைத்து அந்தத் தேதிகளை எழுதவில்லை. அவருக்குப் பார்ப்பதில் ஆசை. பார்த்ததை எழுதாவிட்டால் பார்த்ததே தங்காது என்ற எண்ணம். அந்த ஆசை அப்பாவோடு போயிருந்தால் நாட்குறிப்பு குடும்பப் பெட்டியில் ஒரு நினைவுப்பொருளாகக் கிடந்திருக்கும். மகள் அதைத் திறந்து அடுத்த வரியை எழுதியதால்தான் அப்பாவின் வரிகளுக்கு, அவரே அறியாத ஒரு பொருள் கிடைத்தது. அப்பாவை நினைப்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை: அவர் பார்த்ததை அவர் பார்த்தபடியே நம்பி, இப்போது எப்படி இருக்கிறது என்று தானே போய்ப் பார்ப்பது.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய விடியல் குறிப்புகளுக்கும் பிறகு ஒரு வாழ்வு வாய்த்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் வழியில் வந்த ஸ்டான்லி டெம்பிள், உடன் பணியாற்றியவர் ஒருவரோடு சேர்ந்து, 1940இல் ஒரு ஜூன் விடியலில் லியோபோல்ட் குறித்துவைத்த நேரங்களைக் கொண்டே அன்றைய பறவைக் கச்சேரியை ஒலிப்பதிவுகளிலிருந்து மீண்டும் கோத்து 2012 வாக்கில் வெளியிட்டார். இன்று அதே வாசலில் உட்கார்ந்தால் நெடுஞ்சாலையின் இரைச்சலும் சேர்ந்தே கேட்கும்.

நிலமும் வளர்ந்தது. 1967இல் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கொட்டகையைச் சுற்றிலும் ஒரு காப்பிடத்தை உருவாக்கினார்கள். 1982இல் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து அறக்கட்டளை நிறுவினார்கள். 2007இல் அந்த அறக்கட்டளை, அவர் உயிர்விட்ட இடத்துக்கு அருகிலேயே, குடும்பம் நட்ட பைன்களை வெட்டி ஒரு மையம் கட்டியது. அப்பா கை வைத்த மரங்களை வெட்டலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். மரம் நடுவதும் வெட்டுவதும் சேர்ந்ததுதான் நிலத்தைப் பேணுவது என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் பிள்ளைகளுக்கு அதில் சங்கடம் இருந்திருக்க நியாயமில்லை.

ஒரு குறை எனக்கு உண்டு. இவ்வளவு நினைவுகூரலிலும் அம்மா ஓரமாகவே நிற்கிறார். மரணத்தின் வாசலிலிருந்த கணவனை மீட்டவர், ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவர், தீயின் அருகே காவல் நின்றவர், அவருக்குப் பின்னும் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து 1975இல் மறைந்தவர் அவர். லியோபோல்டைப் பற்றிய நூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் நன்றியுரைத் தொனியில்தான் வருகிறது. வெட்டவெளியை நேசித்த கணவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த ஓரவஞ்சனை நடக்கிறது. அவர்கள் வெளியே போக யார் இடம் செய்துகொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் கடைசி மகள். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்ல ஓடியபோது இளைய எஸ்டெல்லாவுக்கு இருபத்தொரு வயது. அண்ணன்மாரும் அக்காவும் ஒவ்வொருவராகப் போய்விட்ட பிறகு, 2016இல், தொண்ணூறை நெருங்கும் வயதில் கொட்டகை நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அப்பாவை மட்டும் தனியே நிறுத்தி எழுதவில்லை. ஒரு குடும்பமே சேர்ந்து அந்த நிலத்தில் கிடந்த கதையாக அதைச் சொன்னார். 2024இல் அவரும் மறைந்தார். அல்மனாக்கைப் படித்தவர்கள் அந்தப் புத்தகத்தையும் தேடிப் படிக்க வேண்டும். அதில் எஸ்டெல்லா பெர்ஹேர் இருக்கிறார்.